மிகப் பெரியவன் எவன்? – ஹெவிவெயிற் குத்துச்சண்டை விவாதம் மீது சில குறிப்புகள்

1970 ஜனவரி 20ஆம் திகதி இரவு, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பல நூறு திரையரங்குகளில் ஒரே ஒரு தடவை மட்டும் என்ற அறிவிப்போடு ஒரு குத்துச்சண்டை காட்டப்பட்டது. மோதியவர்கள் ரொக்கி மார்சியானோவும் முகமது அலியும். நடக்காத சண்டை அது. மார்சியானோ 1956இலேயே ஓய்வுபெற்றுவிட்டவர். அலியோ வியட்நாம் போருக்குப் போக மறுத்த குற்றத்துக்காகப் பட்டம் பறிக்கப்பட்டு, கோதாவுக்குள் காலடி வைக்க அனுமதியற்று இருந்தவர். மயாமியின் வானொலித் தயாரிப்பாளரான மறே வொறோனர் 1969இல் இவர்கள் இருவரையும் ஒரு கலையகத்துக்குள் கொண்டுவந்து, உண்மையாக அடிக்காமல் அடிப்பதுபோல், ஒரு நிமிடச் சுற்றுக்களாக எழுபதுக்கு மேற்பட்டவற்றை நடிக்கவைத்துப் படம்பிடித்தார். வெல்லப்போவது யாரென்று நடித்தவர்களுக்கே தெரியாது. பல முடிவுகள் படமாக்கப்பட்டன. இருவரின் தரவுகளையும் விழுங்கிய கணினி எதைச் சொல்கிறதோ அதற்கேற்பத் துண்டுகள் ஒட்டப்படும் என்பது விளம்பரம். மார்சியானோ இதற்காக இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளிவருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31இல் விமான விபத்தில் இறந்துபோனார்.

அமெரிக்காவில் காட்டப்பட்ட பிரதியில் 13ஆம் சுற்றில் அலி விழுந்தார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட இன்னொரு பிரதியில் மார்சியானோவின் முகம் கிழிந்து, நடுவர் சண்டையை நிறுத்த, அலி வென்றார். ஒரே கணினி, ஒரே தரவுகள், இரண்டு சந்தைகள். அந்தக் கணினி அலபாமாவில் செய்யப்பட்டதாக்கும் என்று அலி நையாண்டி பண்ணியதாகச் சொல்வார்கள்.

எக்காலத்துக்குமான மிகப் பெரிய ஹெவிவெயிற் வீரன் எவன் என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலொன்றைப் பின்வந்த எந்தக் கணினியும் எந்தப் பத்திரிகைப் பட்டியலும் தந்ததாக நாம் அறியோம். நுழைவுச்சீட்டு வாங்குகிறவன் யாரோ அவனுக்குரிய பதில் வழங்கப்படும். அவ்வளவுதான். எனினும் கேள்வி சாகவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில், கோப்பை கழுவி முடித்த பின்னிரவுகளில், வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில் ரைசன் யாரையோ ஒன்றரை நிமிடத்தில் விழுத்துவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவாறு நாமும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். ஒரு அறைக்குள் ஆறுபேர் படுத்திருந்தால் நான்குபேர் அலியின் கட்சி, ஒருவர் ரைசனின் கட்சி, கொழும்பில் ஆங்கிலப் பத்திரிகை வாசித்து வளர்ந்த வயதானவர் ஒருவர் ஜோ லூயிஸ் என்பார். அவரோடு யாரும் வாதாடுவதில்லை. அதை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. இந்த விவாதத்தில் எதை அளவுகோலாக எடுக்கிறோம் என்பது எதை வாழ்வென்று கருதுகிறோம் என்பதோடு தொடர்புள்ளது. ஆதலால் அளவுகோல்களிலிருந்தே தொடங்குவோம்.

எண்ணிக்கை என்பது எல்லோருக்கும் பிடித்த அளவுகோல். அதன்படி பார்த்தால் மார்சியானோவை யாரும் தொடமுடியாது: 49 சண்டைகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 எதிராளியை மேற்கொண்டு சண்டையிட முடியாதவாறு செய்தவை. தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற ஹெவிவெயிற் சம்பியன். மசசூசெற்ஸ் மாநிலத்தின் சப்பாத்துத் தொழிற்சாலை நகரமான புறொக்ரனில், குடியேறிய இத்தாலியத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர். கை கட்டை, உயரம் குறைவு, காலசைவில் நளினம் கிடையாது. 1952 செப்டெம்பர் 23இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜேர்சி ஜோ வோல்கொற்றுடன் மோதியபோது முதற் சுற்றிலேயே விழுந்தார். பன்னிரண்டு சுற்றுக்கள் முடிவில் புள்ளிகளில் பின்தங்கி நின்றார். 13ஆம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்து. வோல்கொற் கயிற்றில் சரிந்து முழங்காலில் மடிந்தார். அந்தக் குத்தின் படச்சுருளைப் பார்த்தவர்கள் மார்சியானோவைப் பற்றி இளக்காரமாகப் பேசமாட்டார்கள். ஆனால் அந்த 49க்குள் எவரெவர் இருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும். 1951இல் அவர் கயிறுகளுக்கு வெளியே தள்ளிய ஜோ லூயிஸுக்கு வயது 37. வோல்கொற்றுக்கு 38. அவரது கடைசிச் சண்டையில் அவரையே ஒருமுறை கீழே விழுத்திய ஆர்ச்சி மூரும் நாற்பதை நெருங்கியவர். போதாததற்கு மார்சியானோவின் எடை 185 இறாத்தலுக்குச் சற்று மேல். இன்றைய விதிகளின்படி அவர் ஹெவிவெயிற்றே அல்லர், அதற்குக் கீழுள்ள குறூஸர்வெயிற். எண்கள் பொய் சொல்வதில்லை என்பார்கள். கேட்காததைச் சொல்வதுமில்லை.

எண்களுக்குள் வராதவர்கள் பற்றித்தான் நாம் அதிகம் பேசவேண்டியிருக்கிறது. 1915இலிருந்து 1937வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், உலக ஹெவிவெயிற் பட்டத்துக்கு மோதக் கறுப்பின வீரர் ஒருவருக்குக்கூட வாய்ப்பளிக்கப்படவில்லை. இதற்கெனச் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை, தேவையும் இருக்கவில்லை. காரணம் ஜாக் ஜோன்சன்.

ரெக்சாஸின் கல்வெஸ்ரனில், அடிமைகளாயிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1878இல் பிறந்த ஜோன்சன், அமெரிக்காவில் தன்னோடு மோத மறுத்த வெள்ளைச் சம்பியனை உலகின் மறுகோடிவரை துரத்திச்சென்று 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் பிடித்தார். ரொமி பேர்ன்ஸ் என்ற அந்தக் கனேடியர் 14ஆம் சுற்றில் நிலைகுலைந்தபோது பொலிஸார் சண்டையை நிறுத்தினர்; கமெராவும் நிறுத்தப்பட்டது. வெள்ளையன் விழுவதை உலகம் பார்க்கக்கூடாதல்லவா? பின்னர், ஆறு வருடங்களாக விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஜெஃப்ரிஸை வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்கவென்று இழுத்துவந்தார்கள். 1910 யூலை 4இல் நெவாடாவின் றீனோ நகரில் 15ஆம் சுற்றில் அவரும் முடிந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதை 1912இல் கொங்கிரஸ் தடைசெய்தது. 1913இல், வெள்ளைப் பெண்ணோடு பயணம்செய்ததைக் குற்றமாக்கி 'மான் சட்டத்தின்' கீழ் ஜோன்சனைத் தண்டித்தார்கள். அவர் கனடாவுக்குள் நழுவி, மொண்ட்றியலில் கப்பலேறி, பிரான்சுக்கு ஓடினார்.

ஏழு வருட அஞ்ஞாதவாசம். உலக சம்பியன் ஒருவர் அகதியாய் இருந்த காலம் அது. பாரிஸில் இரண்டு தடவை பட்டத்தைக் காத்தார். மேடைகளில் வேடிக்கை காட்டிப் பிழைத்தார். 1915 ஏப்ரல் 5இல் ஹவானா வெயிலில் ஜெஸ் வில்லார்ட்டிடம் 26ஆம் சுற்றில் விழுந்தார். ஸ்பெயின், மெக்சிக்கோ என்று அலைந்து, 1920இல் எல்லையைக் கடந்து தானே சரணடைந்து சிறைசென்றார். அவருக்கு மன்னிப்பு வழங்க அமெரிக்க ஜனாதிபதி ஒருவருக்கு 2018வரை காலம் எடுத்தது. செத்தவனுக்கு எதற்கு மன்னிப்பென்று கேட்கலாம். மன்னிப்பு வழங்குகிறவனுக்கல்லவா அது தேவை.

ஆயினும் ஜோன்சனை எமது நாயகனாக்கி மாலை போட்டுவிட்டு நகரமுடியாது. சம்பியனானபின் அவரும் அதே கோட்டைத்தான் கிழித்தார். தன்னைப் போன்ற கறுப்பு வீரர்களோடு பட்டத்துக்காக மோதினால் பணம் வராது என்பது அவர் கணக்கு. 1913 டிசம்பரில் பாரிஸில் ஜிம் ஜோன்சன் என்பவரோடு நடந்த சண்டை ஒன்றே விதிவிலக்கு. அந்தக் கணக்கில் நசுங்கியவர்களுள் முதன்மையானவர் சாம் லாங்ஃபோர்ட். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். ஐந்தடி ஏழு அங்குலமே உயரம். 1906இல் ஜோன்சனிடம் புள்ளிகளில் தோற்றபின் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு வழங்கப்படவேயில்லை. உலக ஹெவிவெயிற் பட்டத்துக்கான சண்டையை ஒருபோதும் காணாத லாங்ஃபோர்ட், தன்னைப்போல் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஹரி வில்ஸ், ஜோ ஜினற், சாம் மக்வே ஆகியோருடனேயே திரும்பத் திரும்ப மோதினார். வில்ஸுடன் மாத்திரம் பதினைந்துக்கும் அதிகமான சண்டைகள்! கண்பார்வை மங்கியபின்னரும் எதிராளியின் உடம்பைத் தடவிக் கண்டுபிடித்துக் குத்தினார். 1944இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப்போனபோது ஹார்லெமில் ஒரு இருண்ட அறைக்குள் குருடராய், வறியவராய் இருந்தார். ஹரி வில்ஸோ ஜாக் டெம்ப்சியின் ஒப்பந்தத்துக்காக ஆண்டாண்டாய்க் காத்திருந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகியும் சண்டையைக் காணாமலே மூப்படைந்தார். டெம்ப்சியைப் 'பெரியவர்கள்' வரிசையில் முதல் ஐவருக்குள் வைக்கும் பட்டியல்கள் ஏராளம். அவ்வாறான பட்டியலைக் காணும்போது நாம் முதலில் தேடுவது லாங்ஃபோர்ட்டின் பெயரை. இல்லையென்றால் மேற்கொண்டு வாசிப்பதில்லை.

இனி ஜோ லூயிஸ். அலிக்குப் பிறகு வந்த தலைமுறையினர் இவரைப் பணிந்துபோனவர், வெள்ளையரின் செல்லப்பிள்ளை என்று எளிதாகத் தள்ளிவிடுவதுண்டு. அலியே அப்படிப் பேசியிருக்கிறார். இது வரலாறு தெரியாத பேச்சு. ஜோன்சனுக்கு நேர்ந்ததைப் பார்த்த லூயிஸின் முகாமையாளர்கள் (அவர்களும் கறுப்பர்களே) அவருக்கு ஒரு நடத்தைக் கோவையே வகுத்துக் கொடுத்தனர்: வெள்ளைப் பெண்ணோடு படம் எடுக்காதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. அந்த உணர்ச்சியற்ற முகம் அவர் பிறப்போடு கொண்டுவந்ததல்ல. இருபத்திரண்டு வருடம் பூட்டிக்கிடந்த கதவைத் திறப்பதற்கென்று செய்யப்பட்ட சாவி. சாவியும் சும்மா கிடைக்கவில்லை. 1937இல் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பைத் தர, சம்பியனான பிறடொக்கின் தரப்பு அடுத்த பத்து வருட இலாபத்தில் பத்து வீதம் கேட்டுப் பெற்றுக்கொண்டது. லூயிஸ் அந்தப் பட்டத்தை ஏறக்குறைய பன்னிரண்டு வருடங்கள் வைத்திருந்து 25 தடவை காத்தார். ஹெவிவெயிற் பிரிவில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

அவரது குத்துக்கள் குறுகியவை. நான்கைந்து அங்குலத் தூரத்துக்குள் தோளிலிருந்து புறப்பட்டு முடிந்துவிடும். 1938 யூன் 22இல் நியூயோர்க் யாங்கி அரங்கில், இரண்டு வருடங்களுக்கு முன் தன்னை விழுத்திய மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் முடித்த படச்சுருளை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். வீணான ஒரு அசைவுகூட அதில் இல்லை. ஷ்மெலிங்கை நாஸிகள் தம் இனத்தின் உயர்வுக்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தனர். ஆனால் அவர் நாஸிக் கட்சியில் சேராதவர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்துவைத்தவர். கோதாவில் நிற்கிறவனின் முதுகில் யார்யாரோ ஒட்டிவிடும் கொடிகளை வைத்து அவனை அளக்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

லூயிஸ் 1942இல் இரண்டு பட்டச் சண்டைகளின் வருமானத்தைக் கடற்படைக்கும் தரைப்படைக்குமான நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். கறுப்பரைப் பிரித்துவைத்த இராணுவத்தில் தானும் சேர்ந்தார். போர் முடிந்ததும் அதே அரசின் வரித் திணைக்களம் அவரைக் கசக்கிப் பிழிந்தது. கடன் அடைக்கவே 1950இல் மீண்டும் கோதா ஏறினார். பின்னாளில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் வாசலில் வருவோரை வரவேற்றுக் கைகொடுப்பது அவர் தொழிலாயிற்று. 1981இல் அவர் இறந்தபோது இறுதிச்சடங்குச் செலவில் பங்கெடுத்தவர் ஷ்மெலிங். அரசு சொன்னதையெல்லாம் செய்த லூயிஸுக்கு இது நேர்ந்தது. அரசு சொன்னதைச் செய்ய மறுத்த அலிக்கு நேர்ந்ததை வாசகர் அறிவர்.

அறிந்ததையே சொல்வதென்றால், 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்ரனில் படைச்சேர்ப்பு அதிகாரி பெயரைக் கூப்பிட்டபோது அலி முன்னே அடியெடுத்துவைக்கவில்லை. ஐந்து வருடச் சிறை, பத்தாயிரம் டொலர் தண்டம்; மேன்முறையீட்டில் வெளியே இருந்தார். கடவுச்சீட்டும் இல்லையென்பதால் வெளிநாடு சென்று சண்டையிடவும் வழியில்லை. ஜோன்சனை நாட்டுக்கு வெளியே துரத்தினார்கள், அலியை நாட்டுக்குள்ளே பூட்டினார்கள். கடவுச்சீட்டு என்ற சிறு புத்தகத்தின் பெறுமதி எமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 25 வயதிலிருந்து 28 வயதுவரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் கால்கள் மிக விரைவாயிருக்கும் அந்த மூன்றரை வருடங்கள், வழக்குமன்றப் படிகளிலும் பல்கலைக்கழக மேடைகளிலும் போயின. 1971 யூன் 28இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. வருடங்களைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.

திரும்பி வந்தவர் வேறொரு வீரன். கால்கள் கனத்துவிட்டன, அடிவாங்கக் கற்றுக்கொண்டார். 1974 ஒக்ரோபர் 30இல் கின்சாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனுக்கெதிராக அவர் செய்தது இதைத்தான். தளர்ந்த கயிறுகளில் சாய்ந்து, முகத்தைக் கைகளால் மூடி, அந்த மலைபோன்ற மனிதன் அடித்தடித்துக் களைக்கும்வரை காத்திருந்து, எட்டாம் சுற்றில் விழுத்தினார். இந்தச் சண்டை பற்றி லியோன் காஸ்ற் எடுத்த 'வென் வீ வேர் கிங்ஸ்' என்ற ஆவணப்படம் இருபதுக்கு மேற்பட்ட வருடங்கள் பணத்துக்கும் வழக்குகளுக்கும் இடையில் சிக்கிக்கிடந்து 1996இலேயே வெளிவந்தது. 'நாங்கள் அரசர்களாயிருந்தபோது' என்ற அந்தத் தலைப்பே புலம்பெயர்ந்தவனின் நெஞ்சைத் தொடும். கின்சாசாத் தெருக்களில் சிறுவர்கள் அலியின் பின்னால் ஓடும் காட்சிகளை யார்தான் மறப்பார்? அலியை மிகப் பெரியவராக எமது மனங்களில் உறுதியாக நிறுவியதில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே அதன்மீது எமது விமர்சனத்தையும் சொல்லியாகவேண்டும்.

முதலாவது, இரு வீரர்களுக்கும் தலா ஐம்பது இலட்சம் டொலர் கொடுத்த மொபுற்றுவைப் படம் தொட்டுக் காட்டுகிறது, கொடுங்கோலனென்றும் சொல்கிறது. சொல்லிவிட்டுக் கொண்டாட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. சயீர் மக்கள் சார்பில் நினைவுகூர்வது மலிக் போவன் என்ற கலைஞர் ஒருவர்தான். மற்றவர்கள் அமெரிக்கர்கள், நோர்மன் மெயிலரும் ஜோர்ஜ் பிளிம்ரனும் தம் சாகசக் கதைகளைச் சுவைபடச் சொல்கிறார்கள். இரண்டாவது, ஃபோர்மன். இருபது வருடங்கள் கழித்துப் படத்தை முடித்தவர்கள் ஃபோர்மனிடம் ஒரு கேள்விகூடக் கேட்டுப் படத்தில் சேர்க்கவில்லை. கறுப்பு விடுதலையின் எதிர்ப்பாத்திரமாக அவர் மௌனமாய் நிற்கிறார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஸ்மித்தும் கார்லோஸும் முட்டி உயர்த்திய பத்து நாட்களில் சிறு அமெரிக்கக் கொடியை அசைத்தவர். பெல்ஜியப் பொலிஸாரை நினைவூட்டும் வேட்டை நாயோடு கின்சாசாவில் இறங்கியவர். உண்மைதான். ஆனால் ஹூஸ்ரனின் மிக வறிய சேரியிலிருந்து அரசின் வேலைப்பயிற்சித் திட்டம் மீட்டெடுத்த ஒரு பத்தொன்பது வயதுப் பையன் அந்தக் கொடியை ஏன் அசைத்தான் என்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை. இரு கறுப்பர்களில் ஒருவனை வெள்ளையனாக்கினால்தான் கதை நிற்கும் போலும். 1997இல் அந்தப் படம் ஒஸ்கார் பெற்றபோது, நோயில் நடுங்கிக்கொண்டிருந்த அலியைப் படியேற்றி மேடைக்குக் கொண்டுவந்தவர் ஃபோர்மன். படத்தில் இல்லாத இந்தக் காட்சியை நாம் படத்தைவிட அதிகம் நேசிக்கிறோம்.

வெள்ளையனாக்கும் இந்த வித்தையை அலியே தொடக்கிவைத்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஜோ ஃபிரேசியர், தென் கரோலைனாவின் வயற்கூலிக் குடும்பத்தில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவின் இறைச்சிக் கொட்டகையில் வேலைசெய்து மேலே வந்தவர். அலி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அவருக்கு அனுமதி மீளக் கிடைக்கவேண்டுமென்று பேசியவர், கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தவர். அவரை அலி வெள்ளையரின் அடிவருடி என்றார். 1975இல் மணிலாவில், மார்கோஸின் இராணுவச் சட்ட ஆட்சியின் விருந்தினராய் நின்றுகொண்டு, கொரில்லா என்றார். றப்பர்ப் பொம்மைக் குரங்கொன்றைக் குத்திக் காட்டினார். ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பரைக் குரங்கு என்று சொல்லி உலகத்தைச் சிரிக்கவைத்தார். ஃபிரேசியரின் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தச் சண்டையில் இருவருமே சாவின் விளிம்புவரை போனார்கள். கண்கள் மூடிப்போன ஃபிரேசியரை 15ஆம் சுற்றுக்கு எழும்பவிடாமல் அவரது பயிற்சியாளர் எடி ஃபச் தடுத்தார். அலி 2001இல் பத்திரிகை வழியே மன்னிப்புக் கேட்டார். ஃபிரேசியர் 2011இல் இறந்தார். ஃபிலடெல்ஃபியா நூதனசாலைப் படிகளின் அருகே கற்பனைப் பாத்திரமான ரொக்கிக்குச் சிலை இருக்கிறது. தொங்கும் இறைச்சியைக் குத்திப் பயிற்சிசெய்வது தன் வாழ்விலிருந்து எடுத்த காட்சியென்று ஃபிரேசியர் சொல்லிவந்தார். அந்த நகரில் அவருக்கொரு சிலை வைக்க 2015ஆகிவிட்டது.

இந்த நால்வர் விடயத்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஃபிரேசியர் 1971இல் அலியை வென்றார். கென் நோர்ட்டன் 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்றார். ஃபோர்மன் இவர்கள் இருவரையும் தலா இரண்டே சுற்றுக்களில் நொருக்கினார். அந்த ஃபோர்மனை அலி வென்றார். கணக்குப் பாடத்தில் இது சாத்தியமில்லை. இவன் அவனை வென்றான், அவன் மற்றவனை வென்றான், ஆகவே என்று தொடங்கும் வாதங்கள் எல்லாம் இங்கே வந்து முட்டி நிற்கும். குத்துச்சண்டையில் பலம் மட்டுமல்ல, ஒருவனின் பாணி இன்னொருவனின் பாணியோடு பொருந்துவதும் பொருந்தாததும் சேர்ந்தே தீர்ப்பெழுதுகின்றன.

ரைசனின் கட்சிக்காரருக்கும் ஒரு வார்த்தை. இருபது வயதில் சம்பியனான அந்த வேகமும் மூர்க்கமும் மறுக்கமுடியாதவை. 1990 பெப்ரவரியில் ரோக்கியோவில் பஸ்ரர் டக்ளஸிடம் விழுந்ததையும் விட்டுவிடலாம். ஆனால் 1992இல் பாலியல் வன்புணர்வுக்காகச் சிறைசென்றதை 'சதி' என்ற ஒற்றைச் சொல்லால் துடைத்தெறியும் ஆண்களோடு உட்கார்ந்து பெருமை பேச எம்மால் முடியவில்லை. 2024 நவம்பரில் 58 வயதில் ஒரு காணொளிப் பிரபலத்தோடு அவர் மோதியதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நலம். அண்மைக் காலத்தவருள் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கை மட்டும் எமது வரிசைக்குள் மனமொப்பிச் சேர்க்கிறோம். போர் தொடங்கிய 2022இல் ஊர்காவற் படையில் நின்றவர், 2024 மே மாதத்தில் தன்னைவிடத் தலையளவு உயர்ந்த ரைசன் ஃபியூரியைத் தோற்கடித்தார். கியூபாவின் தியோஃபிலோ ஸ்ரீவன்சன் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்றும், அலியோடு மோதுவதற்கென நீட்டப்பட்ட இலட்சக்கணக்கான டொலர்களை மறுத்து ஹவானாவிலேயே இருந்துவிட்டார். விற்பனைக்கு வராதவனுக்குச் சந்தையில் விலையுமில்லை, தரவரிசையுமில்லை.

தமிழர்களுக்கும் அலிக்கும் இடையில் ஒரு சிறு சந்திப்பு உண்டு. 1980இன் தொடக்கத்தில் இந்தியா வந்த அலி, சென்னையில் தன் பால்ய நண்பரும் முன்னாள் சம்பியனுமான ஜிம்மி எலிஸுடன் காட்சிச் சண்டை ஒன்றில் தோன்றினார். எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் புகைப்படம் பலருக்கும் தெரிந்தது. அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் ஜனாதிபதி கார்ட்டர் அவரைப் பிடித்து ஆபிரிக்காவுக்கு அனுப்பினார், மொஸ்கோ ஒலிம்பிக்கைப் பகிஷ்கரிக்கும்படி ஆபிரிக்க நாடுகளைக் கேட்க. தார் எஸ் சலாமில் ஜனாதிபதி நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். தென்னாபிரிக்க நிறவெறியோடு விளையாடிய நியூசிலாந்தை எதிர்த்து 1976இல் ஆபிரிக்கா மொண்ட்றியலைப் பகிஷ்கரித்தபோது அமெரிக்கா ஏன் கூட வரவில்லையென்று பத்திரிகையாளர்கள் கேட்டனர். அலிக்கு அந்த விடயமே தெரிந்திருக்கவில்லை. தன்னைத் தவறான வேலைக்கு அனுப்பிவிட்டார்களோ என்று அந்த இடத்திலேயே வாய்விட்டுக் கேட்டார். அரசின் தூதராய்ப் போன எத்தனைபேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

எமது வாக்கு யாருக்கு என்று கேட்டால் மழுப்பமாட்டோம். ஆட்சியின் நீளத்துக்கும் குத்தின் செம்மைக்கும் லூயிஸ். கோதாவில் நிகழ்த்திக் காட்டிய கலைக்கு அலி. ஒருவரைத்தான் சொல்லவேண்டுமென்றால் அலி. ஆனால் கின்சாசா அலி அல்ல, மணிலா அலி நிச்சயமாக அல்ல. 1966 நவம்பர் 14, ஹூஸ்ரன் அஸ்ரோடோம் அரங்கு, எதிரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸ். தடைக்கு முந்திய அந்த அலியை யாரும் தொடமுடியவில்லை. பின்னோக்கி நகர்ந்தபடியே குத்தினார். கால்களை மாற்றி மாற்றி அசைத்து ஆடினார். மூன்றாம் சுற்றில் நடுவர் நிறுத்தும்வரை வில்லியம்ஸுக்கு எங்கிருந்து அடி வருகிறதென்றே தெரியவில்லை. எக்காலத்துக்குமான மிகச் சிறந்த ஹெவிவெயிற் வீரன் அந்தச் சில நிமிடங்களில் இருந்தான் என்று விடயம் தெரிந்தவர்கள் பலரும் சொல்வார்கள். நாமும் சொல்கிறோம். கிளீவ்லண்ட் வில்லியம்ஸ் ஒருகாலத்தில் எல்லோரும் அஞ்சிய குத்துக்காரர். இரண்டு வருடங்களுக்கு முன், 1964 நவம்பரில், ரெக்சாஸ் நெடுஞ்சாலைப் பொலிஸ்காரர் ஒருவர் அவரை வயிற்றில் சுட்டிருந்தார். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். குண்டை எடுக்க முடியவில்லை. அன்றிரவும் அது அவரது இடுப்பெலும்பில் இருந்தது.